இருபத்தோராவது ஊசி

திங்கட்கிழமை டிப்போவில் முகாம்.
காக்கிச் சட்டையின் இடக்கையைச் சுருட்டிக்கொண்டு
வரிசையில் நின்றோம்.
குளிர்காலக் காய்ச்சலுக்கு, என்றார் நர்ஸ் தில்ஷாத்.
சேலத்தில் ஏதுங்க குளிர்காலம், என்றான் சேவியர்.
நீங்க ஏற்காடு வண்டிதானே, என்று
பேச்சுவாக்கிலேயே போட்டுவிட்டார்.

ரெண்டு நாள் கை கனக்கும்,
பாரம் தூக்காதீங்க.
தூக்குறதில்லை சிஸ்டர்,
தொங்குறதோடு சரி.

கோரிமேடு தாண்டியதும் தூறல்.
அடிவாரத்தில் ஷட்டர்களை இறக்கிவிட்டார்கள்,
வண்டிக்குள் ஈரத்துணி வாசம்.
முதல் வளைவில்தான் தெரிந்தது,
மேல்கம்பியைப் பிடிப்பது எப்போதும் என் இடக்கை என்று.
பதினாறு வருட சர்வீஸில்
கவனித்ததே இல்லை.

கொண்டை ஊசி ஒன்று.
கொண்டை ஊசி இரண்டு.
ஒவ்வொன்றும் அதே இடத்தில் இறங்கியது,
தோளுக்கு நாலு விரல் கீழே.
ஏழாவதில் ஒரு பையன் வாந்தி.
ஒன்பதாவதில் குரங்குக் குட்டி ஒன்று
நடுரோட்டில் உட்கார்ந்து யோசித்தது, காத்திருந்தோம்.
பதினொன்றுக்குப் பிறகு எண்ணவில்லை.

நாளை, தீபாவளி முடிந்த முதல் செவ்வாய்.
காலை ஆறரை நடையில்
வெறும் வயிற்றோடு ஏறுவார்கள்,
ரத்தம் கொடுத்தபின் சாப்பிட டப்பாவில் சோறு,
மஞ்சப்பைக்குள் பாலித்தீனில் சுற்றிய நோட்டு.
"ரெண்டே ரெண்டு ஜாங்கிரிதான் கண்டக்டரே"
என்பார்கள் என்னிடம்,
நான்தான் அளக்கப்போகிறவன் போல.
பெயர் மறந்தாலும் கிழமை மறக்காது எனக்கு.
செம்மடுவு தங்கராசு, வியாழன், கண்.
மஞ்சக்குட்டை டெய்லர், ரெண்டாம் புதன், வலிப்பு மாத்திரை.
மாலையில் திரும்ப ஏறும்போது
சுகர் எத்தனை என்று நெற்றியிலேயே எழுதியிருக்கும்.
கேட்கமாட்டேன்.
டிக்கெட், டிக்கெட், அவ்வளவுதான்.

பொங்காயியைத்தான் மூன்று மாதமாகக் காணோம்.
டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்,
ஜன்னலோரம்.
ஆடியில் வரவில்லை. ஆவணியில் இல்லை. புரட்டாசியும் போயிற்று.
நான் விசாரிக்கவில்லை.
விசாரித்தால் பதில் வந்துவிடுமே.
அவள் ஏறும் இடத்தில்
யாரும் நிற்காவிட்டாலும்
சேவியர் கொஞ்சம் வேகம் குறைப்பான்.
அதைப் பற்றியும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

ஒண்டிக்கடையில் பாதி வண்டி காலி.
நாகலூருக்கு ஏறிய காபி பறிக்கும் கூட்டத்தில்
தலையில் கோணியைக் குல்லாய் போட்டு ஒரு முகம்.
"இருக்கீங்களா" என்றேன்.
நல்லா, என்று தொடங்க நினைத்ததுதான்,
முன்பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"ஏன் சாமி, இருக்கக் கூடாதா?
மாத்திரையே வூட்டுக்கு வந்துருது.
ஒரு பொண்ணு பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்து
வெரல்ல குத்திப் பாத்துட்டு
திட்டிட்டுப் போவுது.
கீழ எறங்கற சோலியே இல்ல."

நல்லதுதான் என்றேன்.
சில்லறையைத் தேடுவது போல் பையைத் துழாவி
நல்லதுதான் என்றேன் மறுபடியும்.
நாற்பது வளைவு மிச்சம் ஒரு கிழவிக்கு,
இதில் எனக்கென்ன குறை?

யாருடைய கூடையோ தோளில் இடித்தது.
"ஸ்ஸ்" என்றேன்.
"கையில என்ன?"
"ஊசி. பனிக்காலத்துக் காய்ச்சல் வராம இருக்க."
"எனக்குப் போடுவாங்களா?"
"கேட்டுப் பாக்கணும்."
"எங்க, பெரியாஸ்பத்திரியிலயா?"
ஆமாம் என்றேன்.
தெரியாமல்தான் சொன்னேன்.

காபிப் பழத்தில் கறுத்துப்போன விரல்களை
ஒவ்வொன்றாக மடித்துப் பார்த்தாள்.
"நாளைக்குச் செவ்வாதான.
அந்த சீட்ட எவனுக்கும் குடுத்துறாத."

வளைவு ஏதும் இல்லாத இடத்தில்
சேவியர் ஹாரன் அடித்தான்.